திறந்த மூல ஊடுருவல் கண்டறி, தடுப்பு அமைப்புகளை நிறுவுதல்: ஸ்னார்ட், ஜீக், சூரிகாட்டா குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வலையமைப்பில் போய்வரும் பாக்கெட்டுகளைப் படித்து, தாக்குதலின் தடயம் தெரிந்தால் அறிவிக்கும் மென்பொருளை ஊடுருவல் கண்டறி அமைப்பு என்கிறோம். அறிவிப்பதோடு நில்லாமல் அந்தப் பாக்கெட்டை மேலே செல்லவிடாமல் கைவிட்டுவிடுவது ஊடுருவல் தடுப்பு அமைப்பு. முன்னது போக்குவரத்தின் நகலைப் பார்க்கிறது. பின்னது போக்குவரத்தின் குறுக்கே நிற்கிறது. இன்று ஒரே மென்பொருள் இரண்டு வேலையையும் செய்யும். அதனாலேயே பலரும் இரண்டாவதை முதலாவதன் உயர்ந்த படி என்று எண்ணி, நிறுவிய வாரத்திலேயே தடுப்பு முறைக்குத் தாவிவிடுகிறார்கள்.

உபுண்டு சர்வரில் சூரிகாட்டாவை ஏற்றி ஓடவிட அரை மணி நேரம் போதும். அதற்கான வழிகாட்டிகள் நிறையவே உள்ளன. அவற்றை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. அவை போதிய அளவு பேசாத இரண்டு செய்திகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, இந்த அமைப்புகள் தவறும்போது பெரும்பாலும் சத்தமில்லாமல் தவறுகின்றன. மற்றொன்று, கண்டறிதலிலிருந்து தடுப்புக்கு மாறுவது ஒரே நாளில் எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. விதி விதியாகத்தான் அதைச் செய்ய முடியும். ஒற்றைக் கணினியைக் கண்காணிக்கும் ஓசெக், வாசூ போன்ற கருவிகள் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2. வரலாற்றுப் பின்புலம்

1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைத் தேடப் போன வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல், மேற்கு ஜெர்மனியிலிருந்து நுழைந்துகொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, வந்தவர் தட்டிய எழுத்துகளை எல்லாம் காகிதத்தில் பிடித்தார். கணினிக்குள் எதையும் மாற்றாததால் வந்தவருக்குச் சந்தேகம் தோன்றவில்லை. கண்டறி அமைப்பின் இலக்கணம் முழுவதும் இந்தச் செயலில் அடங்கியிருக்கிறது.

அடுத்த ஆண்டு டோரதி டென்னிங் வெளியிட்ட ஊடுருவல் கண்டறி மாதிரி இத்துறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தது. ஸ்டோல் இருந்த அதே பெர்க்லி ஆய்வகத்தில் 1995இல் வெர்ன் பாக்ஸன் ‘ப்ரோ’வை எழுதத் தொடங்கினார். 2018இல் அதற்கு ‘ஜீக்’ என்று பெயர் மாறியது. 1998இல் மார்ட்டின் ரோஷ் ஸ்னார்ட்டை வெளியிட்டார். 2001இல் அவர் தொடங்கிய சோர்ஸ்ஃபயர் நிறுவனத்தை இஸ்ரேலின் செக் பாயிண்ட் வாங்க முன்வந்தபோது அமெரிக்க அரசு பாதுகாப்புக் காரணம் காட்டித் தயங்கியது; 2006இல் அந்தப் பேரம் கைவிடப்பட்டது. பிறகு 2013இல் சிஸ்கோ அதை 270 கோடி டாலருக்கு வாங்கியது. இதற்கிடையே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியோடு ஓஐஎஸ்எஃப் என்ற அறக்கட்டளை உருவாகி, 2010இல் சூரிகாட்டாவின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது.

ஒரு நிறுவனத்தின் கைக்குள் போகாத மாற்று வேண்டும் என்ற எண்ணம் சூரிகாட்டாவின் பிறப்புக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. அக்கால ஸ்னார்ட், பாக்கெட்டுகளை ஒரே த்ரெட்டில் ஆராய்ந்தது. பல கோர்கள் கொண்ட செயலிகள் வந்த பிறகும் அது மாறவில்லை. சூரிகாட்டா தொடக்கம் முதலே பல த்ரெட்களில் இயங்கியது. 2021இல் வந்த ஸ்னார்ட் 3தான் இந்தக் குறையைத் தீர்த்தது.

3. கருவித் தேர்வு

ஸ்னார்ட்டும் சூரிகாட்டாவும் விதிகளை வைத்து இயங்குபவை. ஒரு பாக்கெட்டில் அல்லது தரவோட்டத்தில் இன்ன வடிவம் இருந்தால் இன்னது செய் என்பதே விதி. ஜீக் வேறு வகை. நடந்த ஒவ்வொரு இணைப்பையும், டிஎன்எஸ் கேள்வியையும், சான்றிதழையும் அது குறித்து வைக்கும். இது தாக்குதலா என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் நம்மிடமே விட்டுவிடும். சம்பவம் நடந்து மூன்று வாரம் கழித்து, “அந்தக் கணினி அன்றைக்கு யாரோடெல்லாம் பேசியது?” என்று மேலதிகாரி கேட்டால் பதில் ஜீக்கின் பதிவுகளில்தான் கிடைக்கும்.

திறந்த மூலம் என்றதும் விலையைத்தான் முதலில் பேசுகிறார்கள். இங்கே விலையின்மை பாதி உண்மையே. எஞ்சின் இலவசம், விதிகள் அப்படியல்ல. பதிவு செய்த இலவசப் பயனருக்கு ஸ்னார்ட் விதிகள், சந்தாதாரருக்குக் கிடைத்து 30 நாள் கழித்தே வந்து சேர்கின்றன. எமர்ஜிங் த்ரெட்ஸ் விதித்தொகுப்பிலும் இலவசம், கட்டணம் என இரண்டு வரிசைகள் உண்டு. என் பார்வையில் திறந்த மூலத்தின் உண்மையான பயன் வேறு: அலர்ட் ஏன் எழுந்தது என்பதை விதியைத் திறந்து நாமே படித்துவிடலாம். வணிகப் பெட்டிகள் பலவற்றில் அந்த வழி இல்லை. பெயரையும் அபாய மதிப்பெண்ணையும் காட்டிவிட்டு நம்பச் சொல்லும்.

ஒரே நிர்வாகி இருக்கும் கல்லூரிக்கோ சிறு அலுவலகத்துக்கோ சூரிகாட்டாவும் ஜீக்கும் சேர்ந்த இணை பொருத்தம். இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தரும் ‘செக்யூரிட்டி ஆனியன்’ என்ற தொகுப்பும் இருக்கிறது. ஆனால் அது கேட்கும் நினைவகமும் வட்டு இடமும் சிறிய சர்வருக்குத் தாங்காது.

4. உணரியை எங்கே வைப்பது

ஃபயர்வாலுக்கு வெளியே வைத்தால் இணையத்தில் நாள் முழுதும் நடக்கும் போர்ட் ஸ்கேன்கள் அத்தனையும் அலர்ட்டாகக் குவியும். உள்ளே வைத்தால் ஃபயர்வாலைத் தாண்டி வந்தவை மட்டும் தெரியும். நாட் முகவரி மாற்றத்துக்கு முந்தைய உள் முகவரியும் தெரியும். உள்ளே வைப்பதே நல்லது. வெளியே வைத்தால் எல்லாத் தடயமும் ஒரே பொது முகவரியில் போய் முடியும். எந்த அறையின் எந்தக் கணினி என்று சொல்ல இயலாது.

நுழைவாயிலில் மட்டும் வைப்பதும் போதாது. 2017 மே மாதத்து வான்னாக்ரை, ஒரு கணினிக்குள் புகுந்த பிறகு 445ஆம் போர்ட் வழியாக அதே அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்குத் தாவியது. அந்தப் போக்குவரத்து நுழைவாயிலைத் தொடுவதே இல்லை. உள் ஸ்விட்ச்சின் மிரர் போர்ட்டிலும் ஓர் உணரி இருந்தால்தான் அது கண்ணில் படும்.

மிரர் போர்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. 1 கிகாபிட் இணைப்பு இரு திசையிலும் நிரம்பி ஓடினால் மொத்தம் 2 கிகாபிட். அதை 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் நகலெடுக்கச் சொன்னால் ஸ்விட்ச் மிச்சத்தைச் சொல்லாமல் கொட்டிவிடும். கேபிளிலேயே பொருத்தும் டேப் கருவி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

5. சத்தமில்லாத தவறுகள்

நிறுவி முடித்ததும் அலர்ட் ஒன்றுமே வராவிட்டால் வலையமைப்பு தூய்மையாக இருக்கிறது என்று மகிழ்வது இயல்பு. முதலில் உணரியையே சந்தேகிக்க வேண்டும்.

அடிக்கடி காணும் காரணம் செக்சம். இன்றைய நெட்வொர்க் கார்டுகள் செக்சம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வதால், அதே கணினியில் ஓடும் உணரிக்கு, வெளியே போகும் பாக்கெட்டுகள் தவறான செக்சத்தோடு தெரியும். பழுதான பாக்கெட் என்று கருதி சூரிகாட்டா அவற்றைக் கணக்கில் எடுக்காது. டிசிபி உரையாடலின் ஒரு பாதி காணாமற்போகும். நிறைவுற்ற இணைப்பை எதிர்பார்க்கும் விதிகள் ஒன்றுகூட எழாது. கார்டே பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கித் தரும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ வசதிகளும் இப்படித்தான் பார்வையைக் குலைக்கும். ‘ஈத்டூல்’ கட்டளையால் இவற்றை அணைத்துவிடுவது நிறுவலின் முதல் வேலை. கெர்னல் எத்தனை பாக்கெட்டுகளைத் தவறவிட்டது என்ற எண்ணிக்கை சூரிகாட்டாவின் புள்ளிவிவரப் பதிவில் இருக்கும். அலர்ட்டுகளுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த எண்.

இன்னொரு காரணம் ‘ஹோம்நெட்’ மாறி. எவை நம் முகவரிகள் என்று அமைப்புக்குச் சொல்வது இதுவே. இயல்பாக இதில் தனியார் முகவரித் தொகுதிகள் மூன்றும் இருக்கும். ‘எக்ஸ்டர்னல்நெட்’ என்பது அவை தவிர்ந்த அனைத்தும். நிறுவனத்துக்குப் பொது முகவரியில் ஒரு சர்வர் இருந்து, அதை இங்கே சேர்க்காமல் விட்டால், அதைக் குறிவைக்கும் தாக்குதல் வெளியாள் வெளியாளைத் தாக்குவதாகவே கணக்காகும். அலர்ட் வராது. உள்ளே ஒரு கணினி இன்னொன்றைத் தாக்கும்போதும் இதே கதி: வெளியிலிருந்து உள்ளே என்று எழுதப்பட்ட விதிகள் உறங்கிவிடும்.

தாமஸ் டாசெக், திமோத்தி நியூஷம் இருவரும் 1998இல் காட்டிய ஏய்ப்பு முறைகள் இதைவிட நுட்பமானவை. ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுப் பாக்கெட்டுகள் வந்தால், முதலில் வந்ததை ஏற்பதா பின்னால் வந்ததை ஏற்பதா என்பதில் இயங்குதளங்கள் வேறுபடுகின்றன. உணரி ஒரு விதமாகவும் இலக்குக் கணினி வேறு விதமாகவும் சேர்த்துப் படித்தால், உணரி கண்டது தீங்கற்ற செய்தி, இலக்கு பெற்றது தாக்குதல். இதற்காகவே எந்த முகவரியில் விண்டோஸ், எதில் லினக்ஸ் என்று எழுத சூரிகாட்டாவின் அமைப்புக் கோப்பில் தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். பலரும் தொடாமல் விட்டுவிடும் பகுதி அது.

6. விதியும் அதன் கணக்கும்

சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் விதி 2100498. ரூட் பயனரின் அடையாளத்தைக் காட்டும் யுனிக்ஸ் கட்டளையின் விடை, மறையாக்கமின்றி வலையமைப்பில் பயணித்தால் இது அலர்ட் எழுப்பும். தாக்கியவர் சர்வரைக் கைப்பற்றியதும் தமக்கு என்ன உரிமை கிடைத்தது என்று பார்ப்பார். அதைப் பிடிப்பதே இந்த விதியின் நோக்கம். அதே சொற்கள் அடங்கிய பாடக்குறிப்பை ஆசிரியர் சாதாரண எச்டிடிபி பக்கமாக ஏற்றி, மாணவர் அதைத் திறந்தாலும் இதே அலர்ட்தான் எழும். விதிக்குச் சூழல் தெரியாது. நாமே எழுதும் விதிகளுக்கு 10 லட்சம் முதல் 20 லட்சத்துக்குள் எண் கொடுப்பது மரபு. தொகுப்பைப் புதுப்பிக்கும்போது மோதல் வராது.

ஸ்டீஃபன் ஆக்ஸெல்ஸன் 1999இல் எடுத்துரைத்த அடிப்படை வீதப் பிழையை ஒரு கணக்காகப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10 லட்சம் இணைப்புகள். அவற்றில் உண்மைத் தாக்குதல் 20 என்று கொள்வோம். அமைப்பு தாக்குதலில் 99 விழுக்காட்டைப் பிடிக்கிறது. தீங்கற்ற இணைப்பில் ஆயிரத்துக்கு ஒன்றில் மட்டும் தவறாகக் கூவுகிறது. மிகச் சிறந்த கருவி என்றே யாரும் சொல்வர். ஆனால் அன்றைக்கு எழும் அலர்ட்டுகள் சுமார் 1,020. அவற்றில் உண்மையானவை 20. ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. ஓர் அலர்ட்டைப் பார்த்துத் தள்ள மூன்று நிமிடம் என்றாலும் ஒரு நாள் அலர்ட்டுகளுக்கு 51 மணி நேரம் வேண்டும்.

விதிகளைக் குறைப்பதே இதற்கு மருந்து. வளாகத்தில் இல்லாத மென்பொருளுக்கான விதிகளை ‘சூரிகாட்டா-அப்டேட்’ கருவியின் முடக்கக் கோப்பில் எழுதி அணைத்துவிடலாம். ஆரக்கிள் இல்லாத இடத்தில் ஆரக்கிள் விதிகளுக்கு வேலை இல்லை. பல்லாயிரம் விதிகளை அப்படியே ஓடவிட்டு, அந்த எண்ணிக்கையையே பாதுகாப்பு என்று அறிக்கையில் காட்டும் வழக்கம் பயனற்றது.

7. கண்டறிதலிலிருந்து தடுப்புக்கு

மேற்கண்ட கணக்கைத் தடுப்பு முறைக்கு மாற்றிப் பார்த்தால், நாளுக்கு ஆயிரம் நியாயமான இணைப்புகள் அறுபடும். சம்பளப் பட்டியல் ஏற்றும் நாளில் வங்கி இணைப்பு அதில் சிக்கினால், மறுநாளே அமைப்பை அணைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும்.

ஆகவே ஒரு விதியை ‘அலர்ட்’ நிலையிலிருந்து ‘டிராப்’ நிலைக்கு உயர்த்த இரண்டு தகுதிகள் வேண்டும். சில வாரமாவது அது இந்த வலையமைப்பில் பொய்யாக எழாதிருக்க வேண்டும். தவறி எழுந்தாலும் அறுபடும் இணைப்பால் வரும் நட்டம், தாக்குதல் உள்ளே வருவதால் வரும் நட்டத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 2003 ஜனவரியில் எஸ்க்யூஎல் ஸ்லாம்மர் புழு 376 பைட் கொண்ட ஒற்றை யுடிபி செய்தியாக, 1434ஆம் போர்ட் வழியே வந்து, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது. அத்தகைய வேகத்தின் முன் அலர்ட்டைப் படிக்க மனிதருக்கு நேரம் கிடையாது. தடுப்பு முறைக்கு நியாயம் கிடைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

லினக்ஸில் இதற்கு இரண்டு வழிகள். ஐபிடேபிள்ஸ் அல்லது என்எஃப்டேபிள்ஸ் மூலம் பாக்கெட்டுகளை என்எஃப்க்யூ வரிசைக்கு அனுப்பி, சூரிகாட்டாவின் தீர்ப்பைக் கேட்பது ஒன்று. இரண்டு நெட்வொர்க் கார்டுகளுக்கு இடையே ஏஎஃப்-பாக்கெட் முறையில் பாலமாக அமர்வது மற்றொன்று. இதில் இரு கார்டுகளின் எம்டியூ அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வழியில் சூரிகாட்டா நின்றுபோனால் வரிசையும் நின்று இணையமே அறுந்துவிடும். ‘பைபாஸ்’ தேர்வைச் சேர்த்தால் பாக்கெட்டுகள் சோதனையின்றிக் கடந்துபோகும். மருத்துவமனைக்குப் பைபாஸ் சரி; பணப் பரிமாற்ற சர்வருக்கு அறுபடுவதே சரி என்பேன். எதுவானாலும் முன்கூட்டி எழுதி வைத்த முடிவாக இருக்க வேண்டும். 2023இல் வந்த சூரிகாட்டா 7, தடுப்பு முறையில் தன்னால் ஆராய முடியாத அசாதாரண நிலை நேரும்போது அந்த ஓட்டத்தையே கைவிடுவதை இயல்பு நிலையாக்கியது. குறிப்பைப் படிக்காமல் மேம்படுத்துபவர் திணறுவார்.

காவல் கருவியும் மென்பொருளே. 2004 மார்ச்சில் பரவிய விட்டி புழு, ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள்களில் இருந்த ஓட்டை வழியாகவே சுமார் 12,000 கணினிகளுக்குள் புகுந்து வட்டுகளை அழித்தது. ஓட்டை அறிவிக்கப்பட்ட மறுநாளே புழு வந்தது. விதிகளை நாள்தோறும் புதுப்பித்து, எஞ்சினை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

8. மறையாக்கப்பட்ட போக்குவரத்து

இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி இன்று டிஎல்எஸ் உறைக்குள் செல்கிறது. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 சான்றிதழையும் மறைத்துவிட்டது. எஞ்சுபவை சேரும் முகவரி, எஸ்என்ஐ பெயர், இணைப்பின் அளவும் நேரமும், கைகுலுக்கலின் கைரேகை. அந்தக் கைரேகைக்கான ஜேஏ3 முறையும் 2023இல் குரோம் தன் நீட்டிப்புகளின் வரிசையைக் கலைத்துப் போடத் தொடங்கியதும் தடுமாறியது. ஜேஏ4 அதன் பின்னரே வந்தது. உள்ளடக்கத்தைத் தேடும் விதிகளின் பயன் குறைந்து, ஜீக் போன்ற பதிவுக் கருவிகளின் மதிப்பு கூடியிருப்பதற்கு இதுவே காரணம்.

9. பதிவும் பொறுப்பும்

இந்தியாவில் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட நெறிமுறை, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் காத்து வைக்கவும், கணினிக் கடிகாரங்களைக் குறிப்பிட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும் கட்டளையிடுகிறது. ஆகவே வட்டின் அளவை முடிவு செய்யும்போது ஆறு மாதப் பதிவைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். சூரிகாட்டாவின் ‘ஈவ்’ கோப்பில் எல்லா வகை நிகழ்வுகளையும் எழுதவிட்டால் அது விரைவில் பெருத்துவிடும். உணரியின் கடிகாரம் சில நிமிடம் பிந்தியிருந்தால் ஃபயர்வால் பதிவோடு அதை ஒப்பிடவே முடியாது.

நிறுவுவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: காலையில் அலர்ட்டுகளைப் படிப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார், இரவு இரண்டு மணிக்கு இணைப்பை அறுக்கும் அதிகாரம் யாருக்கு. அந்த மூன்று பெயர்களும் நிரம்பாத நிறுவனம், அவை நிரம்பிய பிறகு சூரிகாட்டாவை நிறுவினால் போதும்.