ஊவாத் தோட்டங்களும் தவறணையும்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வறுமைக்கு அவர்தம் குடிப்பழக்கமே காரணம் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் குற்றச்சாட்டாகும். பண்டாரவளை, பதுளை முதலிய ஊவா நகரங்களைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளுக்குத் தவறணை எவ்வாறு வந்தது என நோக்குமிடத்து, இக்கூற்று முழுமையற்றது என்பது புலனாகும். தவறணை என்னும் சொல்லே ஐரோப்பியர் வழியாகத் தமிழில் புகுந்ததாகும்.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817-1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மலைநாட்டில் அவர்தம் ஆட்சி நிலைபெற்றது. ஒல்லாந்தர் காலந்தொட்டுக் கரையோரத்தில் நிலவிய சாராயக் குத்தகை முறை காலப்போக்கில் மலைநாட்டுக்கும் விரிந்தது. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விடும். கூடிய தொகை கேட்டவர் அதனைப் பெறுவர். குத்தகைப் பணத்தைச் செலுத்தி இலாபமும் காணவேண்டியவருக்கு, விற்பனையைப் பெருக்குவதன்றி வேறு வழியில்லை. எனவே, குடிப்போர் பெருகுவது குத்தகைக்காரரின் நலன் மட்டுமன்று, அரசிறையின் நலனும் ஆயிற்று.

குத்தகைக்காரருள் முன்னணியில் நின்றோர் மேற்குக் கரையோரத்தவராவர். தென்னங்கள்ளிலிருந்து அங்கு வடிக்கப்பட்ட சாராயம் மாட்டு வண்டிகளில் மலையேறியது. 1894இல் புகையிரதம் பண்டாரவளையை அடைந்தபின் சரக்குப் போக்குவரத்து மேலும் எளிதாயிற்று. கடை நடத்தியோருக்கு மலைநாடு புதிய சந்தை. கடைக்கு வந்த தொழிலாளருக்கோ அது கடல் கடந்த அயல்நாடு. தமிழகத்திலிருந்து முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக வந்தோர், லயங்களில் நெருக்குண்டு, கங்காணியிடம் கடன்பட்டு வாழ்ந்தனர். உழைப்பின் களைப்பை ஆற்ற அவர்களுக்கு வேறு வாய்ப்புகள் அரிதாகவே இருந்தன.

தவறணையில் திரண்ட செல்வம் எங்கே சென்றது என்பதும் ஆராயத்தக்கது. சாராயக் குத்தகையாற் பொருளீட்டிய மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா, 1837இல் ஹங்குரன்கெத்தவில் நிலம் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். குத்தகை வருவாய் இலங்கையரின் முதலீடாகத் தோட்டங்களிலும் பிற துறைகளிலும் புகுந்தமையைக் குமாரி ஜயவர்த்தனா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். தொழிலாளியின் கூலியிலிருந்து சென்ற சதமும் இச்செல்வத்துள் அடங்கும்.

1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனித் தவறணைகளை வகுத்தபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுச்சிபெற்றது. அவ்வியக்கம் அரசின் மதுக் கொள்கையையே முதன்மையாகச் சாடியமை குறிப்பிடத்தக்கது.

குடி பல குடும்பங்களைக் குலைத்தது என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும், தொழிலாளரின் ஒழுக்கத்தை மட்டும் எடைபோடும் வரலாறு, தவறணையை ஏலமிட்ட அரசையும் அதனால் வளம்பெற்றோரையும் கணக்கில் எடாது விடுகின்றது. மலையக வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரு தரப்பினரையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.