திண்ணையில் காத்திருந்த பாட்டு

ஒரு குரல், ஒரு பியானோ... அவ்வளவுதான்! 1815-ல், 18 வயது ஷூபர்ட் கதேயின் கவிதைக்கு இசையமைத்த 'எர்ல்கோனிக்' பாட்டில் அப்பா, மகன், பேய்ராஜா எல்லாம் ஒரே பாடகர்தான். பியானோவில் குதிரைக் குளம்படி! மறு வருடம் அதைக் கதேக்கு அனுப்பினார்கள். பதிலே இல்லை.

நம்ம ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. சிதம்பரம் போக ஏங்கும் நந்தன், தடுக்கும் வேதியர் - இருவரையும் ஒரே ஆள் பாடும்படி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யைச் செய்தார் கோபாலகிருஷ்ண பாரதி. சிறப்புப்பாயிரம் தர மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு மனசில்லை. இலக்கணப் பிழையாம்! பாரதி நடையாய் நடந்தார். நந்தனைப் போலவே வாசலில் காத்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து பாடினார். உள்ளே கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்துவிட்டதாக உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

கதேயும் 1830-ல் அந்தப் பாட்டை ஒரு பாடகி பாடக் கேட்டு உருகினார். என்ன பிரயோஜனம்? ஷூபர்ட் செத்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருந்தது!