நாஞ்சில் நாட்டுக் குளங்கள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யான் பட்டம் பெற்ற புலவன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிப் பிழைப்பவன். எனினும் சென்ற தைத் திங்களில் குடும்பத்துடன் நாஞ்சில் நாட்டுக் குளங்களைக் கண்டு வந்தேன். கண்டவற்றையும், அவற்றின் வரலாறாகப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இங்குக் கூற முற்படுகிறேன். குறையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

நாள்தோறும் யான் சென்று இறங்கும் தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்தே தொடங்குகிறேன். 1918-ஆம் ஆண்டு கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்த இருப்புப்பாதை, நகரின் நடுவே வாராமல் புறத்தேயே நின்றது. 1931-ஆம் ஆண்டிலேதான் அது தம்பானூருக்கு நீட்டப்பட்டது. அவ்விடம் அக்காலத்தில் நீர் தேங்கி நின்ற தாழ்நிலம். அதனைத் தூர்த்தே நிலையம் எழுப்பினர் என நகரத்து முதியோர் கூறுவர். பெருமழை விடாது பெய்யுமானால் இன்றும் தண்டவாளம் நீரில் மூழ்குகிறது. கிழக்கேகோட்டை வரை தெரு ஆறாகிறது. அடைபட்ட வடிகால்களை மீட்க 2015-ஆம் ஆண்டு ‘ஆப்பரேஷன் அனந்தா’ என்றொரு திட்டமே வகுக்க நேர்ந்தது. மனிதன் மறந்தாலும் நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. ஒரு நாள் முழங்காலளவு நீரில் நின்று இதனை எண்ணியபோதுதான், என் முன்னோர் வாழ்ந்த நாட்டின் குளங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற அவா எழுந்தது.

நாடும் பெயரும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்ததே நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். உழவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாடு அது. வடக்கே மகேந்திரகிரி மலைத்தொடர், தெற்கே கடல், இடையே பழையாறு பாயும் சமவெளி. புறநானூற்றில் நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவன் பாடப்பெறுகிறான். கீரையோடு சேர்த்துச் சமைக்கச் சிறிது அரிசி வேண்டிய ஔவையாருக்கு அவன் யானையையே பரிசளித்தான் என்பது அங்கே காணும் செய்தி. அரிசி கேட்டவர்க்கு அரிசி இல்லை என்னாத நாடாகவே அது பின்னும் இருந்து வந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று அதனை அழைத்தனர். நம் நகரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு நாஞ்சில் நெல் வண்டி வண்டியாக வந்தது. அவ்வண்டிகளின் பின்னே, அரிசி மண்டியில் கணக்கெழுத வந்தவர்களுள் ஒருவரே என் பாட்டனார்.

ஆறும் அணையும்

பழையாறு பெரிய ஆறன்று. தன் மலையில் பெய்யும் மழை மட்டும் அச்சமவெளிக்குப் போதாது. மேற்கே கோதையாறும் பறளியாறும் நிறைய நீரைச் சுமந்து, ஒன்றாகிக் குழித்துறை வழியே ஓடித் தேங்காய்ப்பட்டினத்தில் கடலிற் கலக்கின்றன. இந்த மேற்கு நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று நம் முன்னோர் எண்ணினர். பறளியாற்றின் குறுக்கே அணையிட்டு, கால்வாய் வெட்டி, நீரைப் பழையாற்றோடு சேர்த்தனர். அணையும் கால்வாயும் பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்றே இன்றும் வழங்குகின்றன. ஒரு பாண்டிய மன்னனின் பணி அது என்பது மரபு.

பிற்காலத்தில், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1897-இல் தொடங்கி 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அப்பணியை நடத்திய பொறியாளர் மிஞ்சின் என்னும் ஆங்கிலேயர். மலையடிவார மக்கள் அவரை ‘மூக்கன் துரை’ என்று அன்போடு அழைத்தனர். அவர் கல்லறையும் அந்த அணையருகிலேயே இருக்கிறது. 1953-இல் பெருஞ்சாணி அணையும் எழுந்தது. இவற்றின் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனாறு முதலிய கால்களின் வழியே ஊர்தோறும் செல்கிறது.

இவ்வமைப்பின் உயிர்நிலை குளமே. வட மாவட்டத்தார் ஏரி என்பதை நாஞ்சில் நாட்டார் குளம் என்பர். கால்வாய் நீர் குளத்தில் நிறையும். மடை வழியே வயற்பற்றுக்குப் பாயும். மிஞ்சியது மறுகாலாகிக் கீழூர்க் குளத்தை அடையும். ஓர் ஊரின் மிகுதியே மற்றோர் ஊரின் வாழ்வு. கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது இதனாலேயே. ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே பசுங்குளம், பெருங்குளம் எனக் குளங்கள் பெயர் சுட்டிக் குறிக்கப்பெற்றுள்ளன என்பர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே குளத்திற்குப் பெயரும், அப்பெயரைச் செம்பில் பொறிக்கும் மதிப்பும் இருந்தன.

இப்பெருமையைப் பேசும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில் நாட்டுக் கூட்டத்தின் முடிவுகளோடு, அடிமைகளை விற்ற ஓலைகளும் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. அதுவரை சேற்றில் நின்று நெல் விளைத்த கைகளுள் பல, கூலியறியாத கைகள். அவர்தம் பெயரைச் செப்பேடு கூறவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக் கொடுமை தாளாமல் நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, வரி செலுத்துவதில்லை என்று முடிவு செய்ததுண்டு. நீரைப் பங்கிட ஒன்றுகூடிப் பழகியவர்கள் உரிமைக்காகவும் ஒன்றுகூடினர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நாமோ பிழைப்பின் பொருட்டு எல்லைக்கு இப்பால் தங்கிவிட்டோம்.

கண்ட காட்சி

1979-இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதை வழியே நாகர்கோவில் சென்றடைந்தோம். தொலைவு சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் சிறிது தூரத்தில் சுசீந்திரம் குளம் சாலையோரமாகவே விரிகிறது. தாணுமாலயன் கோயிலுக்கு விரையும் நம்மவர் பேருந்தின் சன்னலில் ஒரு கணம் பார்த்துக் கடக்கும் குளம் அது. நாங்கள் இறங்கி நின்றோம். கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதந்தன. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்தன. இலைக்கோழி தாமரையிலைமேல் நடந்தது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வழித்தடத்தில், இந்தியப் பெருநிலத்தின் தென்கோடியில் உள்ளது இது. இப்பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் கண்டறியப்பட்டுள்ளன. 2022-ஆம் ஆண்டு சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் உலக அளவில் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பெற்றன.

அடுத்துத் தேரூர் சென்றோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் 1876-இல் பிறந்த ஊர் அது. நம் திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த அப்பெரியார், ஓய்வுக்குப்பின் நாஞ்சில் நாட்டிற்கே திரும்பிப் புத்தேரியில் வாழ்ந்தார். என் மகள் தான் பாடமாகப் படித்த கவிஞரின் ஊர்க்குளத்தில் கால் நனைத்து மகிழ்ந்தாள். மாலையில் மணக்குடிக்குச் சென்று, பழையாறு பொழிமுகத்தில் கடலோடு கலப்பதைக் கண்டோம். அங்கிருந்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. இன்று கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் வளர்ந்து கரையைக் காக்கின்றன.

என் குற்றம்

மறுநாள் எங்கள் பூர்விக ஊருக்குச் சென்றேன். அங்கே குளத்துப் பற்றில் என் தந்தையார் பங்காக வந்த நாற்பது சென்ட் வயலை, பல்லாண்டுகட்கு முன் விற்றே நம் காலனியில் வீடு வாங்கினேன். வாங்கியவர் உழுவார் என்று எண்ணினேன். உண்மையில் அவ்வாறு எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது வயலில் செம்மண் கொட்டி, மனைக்கல் நட்டிருந்தார்கள். என் தந்தையாரை அறிந்த முதியவர் ஒருவர் கரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் வீட்டிற்கு அழைத்துச் சென்று, இளநீர் வெட்டிக் கொடுத்தார். பேச்சிடையே, “உங்க அப்பா வயலை மூடுனதுக்குப் பொறவு, கீழ எங்க வயலுக்குத் தண்ணி வரல்ல மக்கா” என்றார். சினந்து கூறினாரல்லர், மழை பெய்ததைக் கூறுவதுபோலக் கூறினார். கையிலிருந்த இளநீரை யான் குடிக்க இயலவில்லை.

ஆயிரம் ஆண்டு ஓடிய வாய்க்காலை அடைக்க ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. அக்கையெழுத்து என்னுடையது.

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் இன்று பலவாறு சுருங்கி வருகின்றன. ஆகாயத்தாமரை மூடுகிறது, சாக்கடை கலக்கிறது, நான்கு வழிச்சாலைக்காகக் குளங்களின் பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். ஆயின் வயற்பற்றுகள் மனைகளாவதில் ஊரைவிட்டு வந்த நம்போன்றோர்க்கும் பங்குண்டு. கரையில் இருப்பவன் எளிதில் விற்கான். தொலைவில் இருப்பவனுக்கு வயல் வெறும் பத்திரம்.

ஆகவே நம் காலனி அன்பர்களை வேண்டிக்கொள்வது இரண்டே. ஊரில் இன்னும் வயல் உடையோர் அதனை உழுவார்க்குக் குத்தகைக்கு விடுங்கள். விற்றே தீரவேண்டுமாயின் உழுவார்க்கே விற்றுத் தாருங்கள். விற்றுவிட்ட என்போன்றோர், ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பிள்ளைகளை அக்கரைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். காலை இரயிலில் சென்று இரவில் திரும்பிவிடலாம். தன் உணவு எந்த நீரில் விளைந்தது என்று கண்ட பிள்ளை, நாளை கையெழுத்திடுமுன் ஒருகணம் சிந்திக்கும்.

அந்த முதியவரின் வயலுக்கு நீர் செல்ல, மனையின் ஓரமாகக் குழாயேனும் பதிக்க இயலுமா என்று இப்போதைய உரிமையாளருக்கு எழுதியுள்ளேன். இதுவரை மறுமொழி வரவில்லை. வரும் விடுமுறையில் நேரிற் சென்று கேட்க எண்ணியிருக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!