நாடி முதல் இதய மின்வரைவு வரை

மருத்துவத்தில் பொருள் ஒன்றாயினும் சொல் வேறுபடின் இடர் நோயாளிக்கே. இவ்வுண்மையை விளக்கத் தஞ்சையின் வரலாற்றையே நாம் சான்றாகக் கொள்ளலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் ஒருங்கே இடம்பெற்றன. இப்னு ஸீனா (மறைவு 1037) தமது ‘அல்-கானூன்’ நூலில் நாடியைப் பத்துக் கூறுகளால் ஆராய்ந்தார். அவர் வழிவந்த ஹகீம்கள் ‘நப்ளு’ என்றதைச் சித்த மருத்துவர் ‘நாடி’ என்றனர். வளி, அழல், ஐயம் எனப் பகுத்தனர். தொட்ட மணிக்கட்டு ஒன்றே. சொல்லும் பகுப்பும் வேறு. அம்மகாலில் கையாளப்பட்ட முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ எனத் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பெற்றுப் பொதுச் சொத்தாயின.

கைவிரல் உணர்ந்ததைப் பின்னர்க் கருவி வரைந்தது. ஹாலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் 1895இல் இதய மின்னலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டீ எனப் பெயரிட்டார். அவ்வெழுத்துகள் உலகப் பொதுவாயின. அலைகளைக் கண்டு எழுதும் முடிவுரையோ மருத்துவருக்கு மருத்துவர் மாறிற்று. ஒரு கணினியில் பதிந்ததை மற்றொன்று பிழையின்றி அறிய, கருத்து ஒவ்வொன்றுக்கும் குறியெண் வழங்கும் ‘ஸ்னோமெட் சிடி’ போன்ற சொற்றொகுதிகள் எழுந்தன. 2014இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

நம் மொழியில் இப்பணி எஞ்சியுள்ளது. இதயத் தசைக்குக் குருதி தடைப்படுவது மாரடைப்பு. துடிப்பே நின்றுவிடுவது வேறு. நம் செய்தித்தாள்கள் பலவேளைகளில் இரண்டையும் மாரடைப்பு என்றே எழுதுகின்றன. முன்னதில் நோயாளியை மருத்துவமனைக்கு விரைந்து சேர்த்தல் வேண்டும். பின்னதில் அக்கணமே மார்பை அழுத்தித் துடிப்பை மீட்க முயலவேண்டும். 1981 முதல் தஞ்சையில் இயங்கும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மருத்துவரும் இதழாளரும் கூடி இவ்வேறுபாட்டைச் சொல்லில் நிலைநிறுத்துவது, உயிர் காக்கும் பணியேயாகும் என்பது நம் துணிபு.