முட்டுக்கட்டையின் பெருமை



‘முட்டுக்கட்டை போடுதல்’ என்னும் மரபுத்தொடருக்குத் ‘தடை செய்தல்’ என்றே வகுப்பில் பொருள் கூறுகிறேன். ஆனால், அச்சொல் தேரோடும் வீதிக்கு உரியது. தைப்பூசத்தில் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளித்தேரைக் காணும் நம் பிள்ளைகள் இதனை அறிதல் நன்று.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். ஏறத்தாழ 300 டன் எடை. ஓடத் தொடங்கிய தேரை வடம் பிடிப்போரால் நிறுத்தவியலாது. சக்கரத்தடியில் கட்டை இடுவோரே அதனை நிறுத்தினர், திருப்பினர். தீக்கிரையாகி 1930இல் மீண்டெழுந்த அத்தேர், 1948க்குப் பின் ஓடாது நின்று, 1970இல்தான் மீண்டும் ஓடியது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது.

கேளிக்கைப் பூங்காவிலும் இதுவே நியதி. மெல்பர்ன் லூனா பார்க்கில் 1912இல் திறக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டரில், பிரேக் பிடிப்பவர் வண்டியிலேயே நின்று பயணிக்கிறார். அவர் மிகுதியாகப் பிடித்தால் சிலிர்ப்பு இல்லை; பிடிக்கத் தவறினால் ஆபத்து. வெயிலிலும் மழையிலும் மரம் நெகிழும். ஆதலால், பாதையை இடைவிடாது சோதித்துச் செப்பனிடல் வேண்டும்.

நிறுத்தத் தெரிந்தவரை நம்பியே வேகத்தை மகிழ்கிறோம். மாணவர்க்கு இப்பொருளையும் சேர்த்தே கற்பிப்போம்.