ஒப்பீட்டுக் குழுவின் கல்லீரல்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஃபிரெடரிக் ஆய்வுக்கூடத்தில் நீண்டகால நச்சியல் ஆய்வு ஒன்று நடந்தது. அதில் வேதிப்பொருள் எதுவும் கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழுச் சுண்டெலிகளின் கல்லீரலிலேயே அழற்சியும் கட்டிகளும் தென்பட்டன. ஆய்வின் அடித்தளமே ஆட்டம் கண்டது. எதையும் உட்கொள்ளாத எலிக்குப் புற்றுநோய் வந்தால், உட்கொண்ட எலிக்கு வந்ததை எதனோடு ஒப்பிடுவது?

வழக்கமான சாயங்களில் காரணம் பிடிபடவில்லை. திசுவுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிய பிறகே, கல்லீரல் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள பித்த நுண்குழல்களில் திருகு வடிவப் பாக்டீரியாக்கள் புலப்பட்டன. ஜெரால்ட் வார்டு, ஜேம்ஸ் ஃபாக்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1994இல் இதை விவரித்தன. இருவரும் கால்நடை மருத்துவம் பயின்றவர்கள். 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசையைப் படித்தபோது இது புதிய இனம் என்பது உறுதியானது. ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். குறைந்த ஆக்சிஜனில் மெதுவாக வளரும் இந்த உயிரியை வளர்ப்புத் தட்டில் பிடிப்பது கடினம். எச்சத்திலிருந்தே அதன் டி.என்.ஏ.வைக் கண்டறியும் பி.சி.ஆர். முறை வந்த பிறகுதான், பல எலிக்கூடங்களில் அது ஏற்கெனவே குடியிருந்தது தெரியவந்தது.

விளைவு ஓர் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் 12 ஈராண்டு ஆய்வுகளில் இருந்த சுண்டெலிகளிடம் இதே தொற்று காணப்பட்டது. அவற்றுள் 9 ஆய்வுகளில் ஆண் எலிகள் பலவற்றுக்குக் கல்லீரல் அழற்சியும் இருந்தது. இந்த 9 ஆய்வுகளின் ஒப்பீட்டு எலிகளிடம் கல்லீரல் கட்டிகள் வழக்கத்தைவிட மிகுந்திருந்தன. மற்ற உறுப்புகளில் அந்த மாற்றம் இல்லை. ஒரு வேதிப்பொருள் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குமா என்ற தீர்ப்பையே இது கலங்கடிக்கக்கூடியது.

நோய் மாதிரி என்பது எலியின் மரபணு வகை மட்டுமல்ல, அதனுள் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்ததே. இதை ஏற்பதற்கு அறிவியல் உலகம் எடுத்துக்கொண்ட காலம் அதிகம். இன்டர்லூகின்-10 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் குடலழற்சி வருவதாக 1993இல் அறிவிக்கப்பட்டது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்டால் அதே எலிகளுக்கு அந்த நோய் வருவதில்லை. பிற குடல் பாக்டீரியாக்களோடு வாழும் அதே வகை எலிகளுக்கு ஹெபாட்டிகஸைப் புகட்டியபோதோ குடல் கடுமையாக அழன்றது. அப்படியானால் மரபணு நீக்கத்தை மட்டும் நோய்க்குக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான்.

2009இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பெயருடைய சி57பிஎல்/6 எலிகள். விற்ற நிறுவனங்கள் மட்டும் வேறு. ஒரு நிறுவனத்து எலிகளின் சிறுகுடலில் டிஎச்17 நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நிறைந்திருந்தன, மற்றதில் அவை அருகியிருந்தன. குடற்சுவரை ஒட்டி வாழும் இழை வடிவப் பாக்டீரியா ஒன்றே வேறுபாட்டுக்குக் காரணம்.

எலிக்கூடத்தை மேலும் தூய்மையாக்கினால் சிக்கல் தீரும் என்போர் உண்டு. ஹெபாட்டிகஸை நீக்குவதற்கு அது சரியான வழியே. கருவைத் தூய தாயின் கருப்பைக்கு மாற்றி, தொற்றில்லாத குட்டிகளைப் பெறுகிறார்கள். ஆனால் தூய்மைக்கும் விலை உண்டு. ஆய்வுக்கூட எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதரைவிடப் பிறந்த குழந்தையினதையே ஒத்திருக்கிறது என்று 2016இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லப்பிராணிக் கடை எலிகளோடு சேர்த்து வைத்தபோது அது வளர்ந்தவர்களின் தன்மைக்கு நெருங்கியது. எனவே எலிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து பதிவதே அடிப்படை வேலை; எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்பது ஆய்வின் கேள்வியைப் பொறுத்தது.

விலங்கு ஆய்வுக் கட்டுரைகளுக்காக 2010இல் வெளியான அரைவ் வழிகாட்டி, விலங்கின் மூலத்தையும் உடல்நிலையையும் கட்டுரையில் குறிப்பிடச் சொல்கிறது. கால்நடை நுண்ணுயிரியலாளர் இதை இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும்: ஆய்வின் திட்டம் எழுதப்படும்போதே அவருக்கு இடம் தர வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் எச்ச மாதிரி எடுத்து உறைநிலையில் வைக்க வேண்டும், ஒப்பீட்டுக் குழுவின் கல்லீரலையும் அதே கவனத்தோடு அறுத்துப் பார்க்க வேண்டும்.