கிழங்கும் அதன் துணையும்

பாலக்கோட்டுப் பகுதியில் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்பதே வழக்கிலுள்ள பெயர். அவித்த குச்சிக்கிழங்கு பசியை விரைவில் அடக்கும், விலையும் குறைவு. ஆயினும் நம் முன்னோர் அதனைத் தின்பண்டமாகவே வைத்திருந்தனர். உணவு என்று அவர்கள் சொன்னது கேழ்வரகுக் களியைத்தான். இது வெறும் பழக்கத்தின் விளைவா, அன்றி அதனுள் ஏதேனும் அறிவு பொதிந்துள்ளதா என்ற வினாவுக்கு விடை காண முயலும்போது, நாம் ஒரு பெரும் பஞ்சத்தின் வரலாற்றுக்குள் நுழைய நேரிடுகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நாம் அறிவோம். பாலக்கோடு அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சமாகச் சுருங்கிற்று. வழக்கமான பெருக்கத்தையும் கணக்கிற்கொண்டால் இழப்பு இன்னும் பெரிது.

அந்நாளில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக வைசிராய் லிட்டன் பிரபு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவிட்டார் என்று கண்டிக்கப்பட்டவர் அவர். சென்னையிலோ கையை இறுக்கினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதற்குமேல் சிறுகாசும் போதும் என்பது 1877-இல் அவர் வகுத்த கணக்கு. இதனை எதிர்த்து வாதிட்டவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சிறைக்கைதிகளின் உணவை முன்னரே ஆராய்ந்திருந்த அவர், அளவு மட்டும் போதாது, உழைக்கும் உடலுக்குப் பருப்பு போன்ற புரதப் பொருளும் வேண்டும் என்று வலியுறுத்தினார். வயிற்றை நிரப்புவது வேறு, உடலைக் காப்பது வேறு என்ற வாதம் நம் மாகாண அரசு அலுவலகங்களில் உயிர்ப்பிரச்சினையாக எழுந்தது அப்போதுதான் எனலாம். பின்னர்ச் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் மாண்டவர்களுக்கு அது பயன்படவில்லை.

பஞ்சம் ஓய்ந்தபின் கிழங்கின் காலம் வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியரால் கடல் கடந்த மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்ப முனைந்தவர், 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா. தாவரவியலில் ஈடுபாடுடைய அம்மன்னர் ஏழைக்கு எளிதில் விளையும் உணவு எது என்று தேடியவர். அவருடைய முயற்சியின் பயன் அறுபது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த திருவிதாங்கூரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பில் எஞ்சியது கிழங்கு ஒன்றே. அது உயிர் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் மரவள்ளியில் புரதம் ஒரு கிராம் அளவே. உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 2 கிராம். கேழ்வரகில் 7 கிராமுக்கு மேல். கொள்ளிலும் துவரையிலும் 22 கிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் தேவை என்று கொண்டால், மரவள்ளியால் மட்டும் அதனை நிறைவு செய்ய 5 கிலோ தின்ன வேண்டும். எந்த வயிறு தாங்கும்? குழந்தையின் வயிறு பற்றிச் சொல்லவே வேண்டா.

மரவள்ளிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள சயனைடு நஞ்சை உடல் முறித்து வெளியேற்றுவதற்குக் கந்தகம் தேவை. அந்தக் கந்தகம் புரதத்திலிருந்தே கிடைக்கிறது. அதாவது, தானே புரதம் தராத கிழங்கு, உண்பவனிடம் புரதத்தைக் கேட்கிறது. 1981-ஆம் ஆண்டு வறட்சியின்போது மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில், சரிவரப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே தின்று வாழ நேர்ந்த மக்களிடையே கால்கள் முடங்கும் நோய் பெருமளவில் தோன்றியது. கோன்சோ என்பது அதன் பெயர். குழந்தைகளும் பெண்களுமே அதற்கு மிகுதியாக இரையாயினர்.

கிழங்கையே உண்டு வாழ்ந்த மக்கள் எல்லாரும் நலிந்தனர் என்று இதற்குப் பொருளல்ல. அயர்லாந்தின் ஏழை உழவர் உருளைக்கிழங்கோடு மோர் குடித்தனர்; 1845-இல் நோய் தாக்கிப் பயிர் அழியும்வரை அவர்கள் திடகாத்திரமான மக்களாகவே இருந்தனர். காங்கோவில் மரவள்ளியின் இலையையும் இடித்துச் சமைக்கின்றனர். அவ்விலையில் கிழங்கைவிடப் பன்மடங்கு புரதம் உண்டு. மலையாளிகளின் கப்பைக்கோ மத்தி மீன் துணை. சமையல் சுவைக்காக இந்த இணைகள் பிறந்தன என்று சொல்வது பாதி உண்மையே.

துணை இல்லாதபோது முதலில் வீழ்வது பால் மறந்த குழந்தை. 1930-களில் ஆப்பிரிக்கப் பொற்கரையில் (இன்றைய கானா) பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், மக்காச்சோளக் கூழை மட்டுமே உண்ட குழந்தைகளின் உடல் வீங்கி, தோல் உரியும் நோயை விவரித்து, 1935-இல் அதனை உள்ளூர் மக்கள் இட்ட பெயராலேயே அறிமுகப்படுத்தினார்: குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தையின் நோய் என்பது அதன் பொருள். அங்கே உணவு சோளம்; கிழங்கல்ல. ஆனால் கூழ் சோளத்தால் ஆனதாயினும் கிழங்கு மாவால் ஆனதாயினும், துணையின்றி ஊட்டப்பட்டால் விளைவு ஒன்றே.

இந்தியாவைப் பொறுத்தவரை, நாட்டு மக்களின் சராசரிப் புரதத்தில் கிழங்குகளின் பங்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான். தானியமும் பருப்பும் பாலுமே பெரும்பங்கைத் தருகின்றன. ஆகவே நம் கவலை கிழங்கை மிகுதியாகத் தின்கிறோம் என்பதன்று. கிழங்கு வளரும் நிலத்தில் முன்பு என்ன வளர்ந்தது என்பதே.

பாலக்கோட்டு மானாவாரிக் கொல்லைகளில் கேழ்வரகைத் தனியாக விதைப்பது பழைய வழக்கமன்று. சில சாலுக்கு ஒரு சால் அவரையோ துவரையோ போடுவர். கேழ்வரகு அறுவடையானபின் அது கொடியோடிக் காய்க்கும். பின்பனியில் கொள்ளு. களிக்குக் கொள்ளுக் கடைசலும் மொச்சைக் குழம்பும் அதே கொல்லையிலிருந்து வந்தன. அங்கே தானியத்துக்குத் துணையை மண்ணே தந்தது. கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கரும்பும் தக்காளியும் மரவள்ளியும் அவ்வாறு துணை கொண்டு வருவதில்லை. அவை காசு கொண்டு வருகின்றன. அக்காசு பருப்பாக மாறுகிறதா, வேறொன்றாகப் போகிறதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

நம் மரவள்ளியில் பெரும்பகுதி அடுப்புக்கு வருவதே இல்லை. போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 அளவில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றும் அளவுக்கு அது வளர்ந்தது. சேலம், நாமக்கல், தருமபுரிக் கிழங்குகள் சேகோ ஆலைகளை நோக்கிப் போகின்றன. கிழங்கிலிருந்த அந்த ஒரு கிராம் புரதமும் மாவைக் கழுவிப் பிரிக்கையில் பெரும்பாலும் போய்விடுகிறது. நோயாளிக்கும் குழந்தைக்கும் சத்தென்று நாம் ஊட்டும் ஜவ்வரிசிக் கஞ்சியில், பால் சேராவிட்டால், மாவுச்சத்தைத் தவிர அநேகமாக வேறொன்றும் இல்லை. ஆலையில் எஞ்சும் திப்பியோ மாட்டுத் தீவனமாகிறது. மாடு அதனைப் பாலாக்கித் தருகிறது. அந்தப் பாலும் விடியற்காலையில் கேனில் ஏறி ஊரைவிட்டுப் போகிறது.